தொட்டுச் சொல்லிவிட்டுத் தூக்கு

என் அக்கா வெர்னாவுக்கு ஒரு சக்களத்தி உண்டு. பெயர் மேபல். நாலடி நீளம், கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தோல். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு. அக்காவின் கணவர் டுவேன் பதினான்கு வருஷமாக அதை வளர்க்கிறார். தானிய லாரி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவுவார், மேபலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார், அப்புறம்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார்.

எனக்குப் பாம்பு ஆகாது. அவர்கள் வீட்டுக்குப் போனால் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். வெர்னாவும் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. ஆனாலும் அவள் கோழை இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, எந்தப் பிள்ளை வாந்தியெடுக்கப் போகிறது, எது அடுத்ததைக் கிள்ளப் போகிறது என்று சொல்லிவிடுவாள். பஸ்ஸை ஓரங்கட்டி அவள் பையை நீட்டவும் பிள்ளை வாந்தியெடுக்கவும் சரியாக இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் டுவேனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புரிந்தது. கொடுமை என்னவென்றால், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு மறந்துபோயிற்று. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். இடது பக்கத்திலிருந்து யாராவது வந்து கையைப் பிடித்தால் திடீரென்று பேய் பிடித்த மாதிரி உதறி, நல்ல கையால் ஓங்கி அடித்துவிடுவார். அடித்த பிறகுதான் யார் என்று பார்ப்பார். பார்த்ததும் அழுவார். அந்த மனிதர் அழுது நான் அதுவரை கண்டதில்லை.

நாற்காலியிலிருந்து எழுப்பும்போது இப்படி உதறி இரண்டு முறை விழுந்தார். வெர்னாவின் கன்னத்தில் ஒரு முறை கருநீலமாக வீங்கியது. புதன்கிழமைதோறும் வரும் நர்ஸ் கேண்டிஸ் நல்ல பெண்தான், ஆனால் கறாரானவள்.

"வெர்னா, இன்னொரு தரம் விழுந்தாரோ, உங்கள அடிச்சாரோ, அப்புறம் நான் சும்மா இருக்க முடியாது. இவர முதியோர் இல்லத்துல சேர்க்கணும்னு எழுதித்தான் ஆகணும்."

அவள் போனதும் நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். "முதல்ல அந்தப் பாம்ப ஒழிச்சுக் கட்டு. சனிக்கிழமை பாம்புச் சந்தை நடக்குது. எவனாவது வாங்கிட்டுப் போவான். ஒரு தலைவலியாவது குறையும்."

"அத அனுப்பினா, அடுத்தது தான்தான்னு அவருக்குத் தெரிஞ்சிடும் ஜோலின்" என்றாள் வெர்னா.

ஆக, பாம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்த எலியை எடுத்து வெந்நீரில் போட்டு இளக்கினாள். எதில் போட்டாள் தெரியுமா? நன்றி நவிலும் நாள் விருந்துக்குக் குழம்பு ஊற்றும் அம்மாவின் பீங்கான் ஜாடியில்! அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் குழம்பு ஊற்றிக்கொள்வதில்லை.

இளகிய எலியைத் துணியால் துடைத்து, இடுக்கியால் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மேபல் கவனிக்கவில்லை. சரி, தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவோம் என்று அதே கையை உள்ளே விட்டாள். கையெல்லாம் எலி வாடை. கண்ணிமைக்கும் நேரத்தில் மேபல் அவள் கட்டைவிரல் அடியைக் கவ்வி, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். என்னால் முடிந்த உதவி அதுதான்.

"இழுக்காத!" என்று ஒரு குரல். டுவேன்! மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. "இழுத்தா கிழியும். குழாய்... பச்சத் தண்ணி. தலை மேல."

வெர்னா பாம்போடு நடந்துபோய்க் குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மேபல் பிடியை விட்டது. குண்டூசி குத்தியது போல வரிசையாக ரத்தப்புள்ளிகள், அவ்வளவுதான்.

"அது தப்பு இல்ல" என்றார் டுவேன். "நீ எலி மாதிரி... வாடை அடிச்ச."

"முப்பத்தாறு வருஷக் கல்யாணத்துல இப்படி ஒரு வார்த்தைய நீ சொன்னதில்ல" என்றாள் வெர்னா. மூன்று பேரும் சிரித்தோம். நான் நாற்காலி மேல் நின்றபடியே சிரித்தேன்.

மறுநாள் அவள் கண்ணாடிப் பெட்டியை டுவேனின் வலது பக்கம் நகர்த்தினாள், அவர் பார்க்கட்டும் என்று. பெட்டியின் பக்கவாட்டில் அவர் என்றோ எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். கை கழுவு. மேலேயிருந்து வராதே, பருந்தென்று நினைக்கும். தொட்டுச் சொல்லிவிட்டுத் தூக்கு. தூக்கினால் தயங்காதே. முழு உடம்பையும் தாங்கு.

ஒரு வாரம் அவள் தொடவே இல்லை. பஸ் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். நாக்கு நிதானமாக வெளியே வந்து ஆடினால் அது சும்மா விசாரிக்கிறது. கழுத்து பின்னால் மடிந்து வில்லாக நின்றால் கிட்டே போகாதே. கண்ணில் பால் படர்ந்தால் தோல் உரிக்கப் போகிறது, பார்வை மங்கல், தனியாக விட்டுவிடு. இதையெல்லாம் சரியா என்று டுவேனைக் கேட்பாள். அவர் தலையாட்டுவார். மாலை முழுக்க இருவரும் பாம்பையே பேசிக்கொண்டிருப்பார்கள். வேறு பேச்சு அவர்களுக்கு அப்போது எளிதாக இல்லை.

எட்டாம் நாள் நானும் போயிருந்தேன். வெர்னா சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். சமையலறைக் காகிதம் சுற்றிவரும் அட்டைக்குழலை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் போய், மேபலின் நடு உடம்பில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள். சாப்பாடு இல்லை, ஆள் வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கழுத்து மடிப்பு மெல்லத் தளர்ந்தது. நாக்கு வந்து ஆடியது.

"இப்ப" என்றார் டுவேன். "யோசிக்காத."

அவள் யோசிக்கவில்லை. ஒரு கையை நடுவில் கொடுத்தாள், இன்னொரு கையை வாலுக்கு முன்னால் கொடுத்தாள், தூக்கிவிட்டாள். மேபல் அவள் முழங்கை வழியாக ஏறித் தோளில் படுத்துக்கொண்டது. வெர்னாவின் முகத்தில் பெருமை பொங்கியது. எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது, சொல்லப்போனால்.

டுவேன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்.

"மேபலுக்கு... சொல்லிட்டுத் தூக்குற. எனக்கு நீ சொல்றதே இல்ல."

வெர்னா அவர் பக்கம் திரும்பினாள். "திடீர்னு ஒரு கை வருது" என்றார் அவர். "எங்கேருந்துன்னு தெரியல. பயமா இருக்கு வெர்னா."

நாங்கள் எல்லோரும் அவர் கோபத்தில் அடிக்கிறார் என்றே நினைத்திருந்தோம். நான் ஒரு படி மேலே போய், மூளை பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அந்தக் கூடத்தில் நின்றபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வெர்னா பாம்பைத் தோளில் வைத்துக்கொண்டே அவர் முன்னால் மண்டியிட்டு அழுதாள்.

அடுத்த புதன்கிழமை கேண்டிஸ் வந்தாள். எப்போதும்போல விறுவிறுவென்று இடது பக்கம் போய் டுவேனின் கையைப் பிடிக்கப் போனாள்.

"நில்லுங்க!" என்றாள் வெர்னா. அந்த பஸ் குரலுக்கு எழுபது பிள்ளைகள் அடங்குவார்கள், ஒரு நர்ஸ் எம்மாத்திரம். "தள்ளுங்க, நான் காட்டறேன்."

வலது பக்கமாக வந்தாள். அவர் கண்ணில் படும்படி நின்றாள். தோளில் மெல்ல இரண்டு தட்டு. "நான்தான் டுவேன். தூக்கப் போறேன்." காத்திருந்தாள். விறைத்திருந்த அவர் தோள் இறங்கியது, பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அதன்பின் ஒரு நொடிகூடத் தயங்காமல், முதுகுக்கு ஒரு கையும் இடுப்புப் பட்டைக்கு ஒரு கையும் கொடுத்து எழுப்பினாள். அவர் எழுந்து நின்றார். உதறவில்லை, அடிக்கவில்லை.

கேண்டிஸ் இன்னும் இரண்டு முறை செய்யச் சொன்னாள். பிறகு தானே தட்டிச் சொல்லிவிட்டு எழுப்பிப் பார்த்தாள். கடைசியில், இல்லத்துக்கு எழுத எடுத்து வந்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இவர் வீட்டுலயே இருக்கட்டும். எங்க கத்துக்கிட்டீங்க இத?"

வெர்னா பெட்டியைக் காட்டினாள். கேண்டிஸ் அப்போதுதான் பாம்பைப் பார்த்தாள் போலிருக்கிறது. மிச்ச விவரம் கேட்காமல் காருக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்பும்போது டுவேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மேபல், உணர்வில்லாத அவர் இடது கை மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக நான் பாம்பிருக்கும் பக்கமாக நடந்து போனேன். வலது பக்கம் நின்று, அவர் தோளில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது.

"பயப்படாத ஜோலின்" என்றார். "கடிக்க மாட்டேன்."