வெண்மதி கடை விஸ்டா

எதுத்த கடை வெண்மதியப் பத்திச் சொல்லச் சொன்னா, நல்லதா நாலு வார்த்தை எனக்கு வராது. முன்னாடியே சொல்லிடறேன்.

கடலூர் பக்கத்துக் குடிகாட்டுக்காரி. கெமிக்கல் கம்பெனி நாத்தத்துல வளந்தவ. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சா, கல்யாணம் பண்ணிக்கிட்டு சிதம்பரம் வந்தா. ஊர்ல வேற எடமே இல்லாத மாதிரி என் டைப்பிங் சென்டருக்கு நேர் எதுத்தாப்புல அவளும் டைப்பிங் கடை போட்டா. பார்த்தா, "நல்லா இருக்கீங்களாக்கா"ன்னு சிரிப்பு வேற. பண்டிகைக்குச் சர்க்கரப் பொங்கல் குடுத்துவுடுவா. அதுவும் நல்லா இருந்து தொலைக்கும்.

ரெண்டாயிரத்தி ஏழுல புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினா. புதுசா வந்த விண்டோஸ் விஸ்டாவாம். திரையில தொறக்கறதெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், ஓரத்துல ஒரு வட்டக் கடிகாரம் ஓடும். ஆராய்ச்சி படிக்கிற புள்ளைங்க வேடிக்கை பார்க்கப் போச்சுங்க. போனதுங்க தீசிஸையும் அங்கயே அடிக்கக் குடுத்துடுச்சுங்க. அந்த தீசிஸ் சீசன்தான் எனக்கு வருஷத்துச் சோறு. நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அங்க அவ தலை நிமிர நேரமில்லாம அடிக்கிறா. வயிறு எரியாதா? நானும் மனுஷிதானே!

கடலூர்லேர்ந்து உத்திராபதிய வரச்சொன்னேன். ரெண்டு கடைக்கும் அவன்தான் மெக்கானிக். "எனக்கும் அந்த விஸ்டாவ ஏத்திக் குடுப்பா"ன்னேன்.

என் பொட்டியத் தொறந்து பார்த்துட்டுச் சிரிச்சான். "நூத்தியிருபத்தெட்டு மெமரிய வச்சிக்கிட்டு விஸ்டாவாக்கா? ஐநூத்திப் பன்னெண்டாவது இருந்தாத்தான் உள்ளயே நுழையும்."

"அவளுது மட்டும் எப்படி ஓடுதாம்?"

"எங்க ஓடிச்சு? வெல கம்மியான பொட்டி. ஒரு ஃபைல் தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். பழைய எக்ஸ்பியவே போட்டு, மேல விஸ்டா மாதிரி மேக்கப் பண்ணிவுட்டேன். அந்தக் கடிகாரமும் மேக்கப்புதான். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

அடிப்பாவி! எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. வீதி முழுக்கக் கேக்கற மாதிரி கத்தணும்னு எழுந்துட்டேன். பார்த்தா, அவ கடை வாசல்ல வரிசையா பைக்கு நிக்குது. உள்ள நிக்க எடமில்ல. வெறும் மேக்கப்புக்கே இவ்ளோ கூட்டமா? மறுபடியும் திகுதிகுன்னு எரிஞ்சுது.

அப்படியே உக்காந்துட்டேன். "சரிப்பா, அந்த மேக்கப்பையாவது எனக்கும் போட்டுவுடு"ன்னேன்.

உத்திராபதி என் பொட்டிய மூடி ஸ்குரூவ முடுக்கினான்.

"அதையும் தாங்காதுக்கா இது."