மாணிக்கம் பாடினான், நான் சுவரைப் பார்த்தேன்

கட்டடத்துக்குள்ளே சத்தத்தைச் சரிபண்ணுகிற தொழிலில் ஒரு கொடுமை உண்டு: வேலை ஒழுங்காக நடந்தால் ஒருத்தருக்கும் தெரியாது, பிசகினால் ஊருக்கே கேட்கும். கல்யாணத்தில் பந்தி பரிமாறி இடுப்பொடிந்து, கடைசியில் சமையல்காரருக்கு மட்டும் பாராட்டு விழுவதைப் பார்த்து நின்றவர்கள் யாராவது இருந்தால், வாங்க, நீங்க நம்ம கட்சி.

வாத்தியார் தந்த வேலை

போடியில் பள்ளிக்கூடம் படித்தபோது எனக்குப் பாட்டுப் பைத்தியம். ஆண்டுவிழாவுக்கு ஆள் எடுத்தார்கள். நானும் மாணிக்கமும் போனோம். அவன் வாயைத் திறந்ததும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் திறந்ததும் ஜன்னலை மூடினார். அன்றைக்கு வயிற்றில் பற்றின தீ இன்னும் அணையவில்லை. பாடத்தான் வரவில்லை, பாட்டு கேட்கிற இடத்தையாவது நம் கையில் வைத்துக்கொள்வோம் என்றுதான் இந்தப் படிப்பைத் தேடிப்போய்ப் படித்தேன். அழுதுகொண்டு நின்ற என்னிடம் வாத்தியார் அன்று சொன்னது:

"நீ கேளுப்பா. கேக்குறதுக்கும் ஆள் வேணும்ல?"

ஏலக்கூடத்து ரகசியம்

ஊர் திரும்பியதும் முதலில் வந்தது ஒரு ஏலக்காய் ஏலக்கூடம். உள்ளே பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஒரே முழக்கம். கூரையில் பஞ்சுப் பலகை, சுவரில் துணிப் பலகை எல்லாம் வைத்து முழக்கத்தைச் சுத்தமாக ஒழித்தேன். மாலை போடுவார்கள் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனால், வியாபாரிகள் முறைக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த இரைச்சலில் பக்கத்து ஆளிடம் குசுகுசுவென்று விலை பேசிக்கொள்வார்களாம். இப்போது மூன்றாவது வரிசைக்கே தெளிவாகக் கேட்கிறதாம். பெரிய வியாபாரி ஒருத்தர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார்:

"அண்ணே, வெரசா அந்தப் பலகையப் பூராம் கழட்டுங்க. இங்க ஒரு சோலியும் ஓட மாட்டேங்குது."

தகரக் கூரையில் மழை

மலைமேல் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் மன்றம். தகரக் கூரை. மழை வந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கூரைக்கு அடியில் இரண்டடுக்குப் பலகை கொடுத்து, நடுவில் பஞ்சு திணித்து, ஜீப்பு ஜீப்பாக லோடு ஏற்றி, முதுகு கழன்று போச்சு. திறப்பு விழாவுக்குக் கச்சேரி யாருடையது? வேறு யாரு, மாணிக்கத்துடையதுதான்! அவன் பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே கொட்டோ கொட்டென்று மழை. உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. என் கூரை, ஐயா, என் கூரை! கச்சேரி முடிந்து கதவைத் திறந்தால், களத்தில் காயப்போட்ட மிளகெல்லாம் மிதக்கிறது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டாவது கிடைத்திருக்கலாம். அவர் கண் கலங்கிச் சொன்னார்:

"மிளகு போனாப் போகுது சாரே. அவர் பாடுனா மழைகூடச் சத்தமில்லாமப் பெய்யுது!"

சுவரில் ஜமுக்காளம்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாணிக்கம் என் மனைவி செல்விக்கு மாமன் மகன். முறைப்படி அவனுக்குப் போக வேண்டியவள். பாட்டுக்காரனுக்குப் பெண் கிடையாது என்று என் மாமனார் முறுக்கிக்கொண்டதால் எனக்கு வந்தாள். அவன் பாட்டைப் பற்றி அவள் பேசாத நாள் இல்லை. என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் வாயிலிருந்து வராதா என்று கல்யாணமான நாள் முதல் காத்துக்கிடக்கிறேன்.

போன தை மாதம் எங்கள் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில் சுவருக்கெல்லாம் பளபளவென்று டைல்ஸ். கை தட்டினால் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். வரவேற்புக்குப் பாட வந்த மாணிக்கம் என்னைத் தனியே இழுத்துப்போனான். தொண்டை கட்டி, குரல் கரகரத்தது. "மாப்ளே, இன்னைக்கு மானம் போயிரும்டா. மைக்கைக் கூட்டினாக் கூன்னு கத்துது. நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

நெஞ்சுக்குள் வெடி வெடித்தது. மானம் போகட்டுமே, அவன் சொதப்புவதைச் செல்வி ஒரு தடவையாவது கேட்கட்டுமே! ஆனால் அடுத்த நிமிடமே உறைத்தது. பாட்டு கேட்கவில்லை என்றால் ஊர் அவனையா சொல்லும்? சத்தம் சரிபண்ணுகிறவன் வீட்டுக் கல்யாணத்திலேயே பாட்டு கேட்கலையாம் என்றல்லவா சிரிக்கும்! பல்லைக் கடித்துக்கொண்டு பந்திக்கூடத்து ஜமுக்காளங்களை எல்லாம் பின்சுவரை மறைத்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையைத் தாண்டி முன்னால் நகர்த்தினேன். "கல்யாண வீட்டுச் செவுத்துல ஜமுக்காளத்தைத் தொங்கவிடுவாகளா? சம்பந்தி வீட்டுல சிரிக்கிறாக!" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாணிக்கம் பாடினான். மைக்கைத் தாராளமாகக் கூட்டியும் கத்தவில்லை. அந்தக் கரகரப்பே ஒரு உருக்கமாக, கடைசி வரிசை வரைக்கும் போனது. மண்டபமே மூச்சுவிடவில்லை. செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் கையைப் பிடித்தாள். இதோ வருகிறது, இத்தனை வருசக் காத்திருப்புக்கு இதோ வருகிறது என்று நானும் கண் கலங்கிவிட்டேன். அவள் சொன்னாள்:

"ஏங்க, தொண்டை கட்டியிருக்கப்பவே மாணிக்கம் மச்சான் இப்படிப் பாடுறாரே, நல்லாருந்தா எப்படிப் பாடுவாரு!"

எந்தச் சுவரின் முழக்கத்தையும் என்னால் அடக்க முடியும். இந்த வயிற்றெரிச்சலை அடக்குகிற பலகையை மட்டும் இன்னும் எவனும் செய்து விற்கவில்லை.