பிள்ளையார்பட்டிக்குச் சூடாக வந்த வண்டி

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் எங்களுக்கென்று ஒரு கார் வாசலில் நிற்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆடம்பரத்துக்கில்லை. முதல் பிரசவத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, காரைக்குடி டாக்டரம்மா உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாடகைக்குப் பிடித்த டீசல் வண்டி திருப்பத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுபோனது. டிரைவர் சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமியதே தவிர, பற்றவில்லை. வேறு வண்டி பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குத் துடிப்பு இல்லை. அந்த இருமல் இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

இந்தத் தடவையும் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில். இங்கே நானும் என் வீட்டுக்காரரும்தான். அவள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற மாதிரி பெரிய வண்டி வேண்டும். எங்கள் கைக்கு எட்டியதெல்லாம் பழைய டீசல் வண்டிகள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பழைய வண்டியில் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்கிறார்களாம். அடிபட்டதைப் பெயிண்ட் பூசி மறைக்கிறார்களாம். ஓடின கிலோமீட்டரையே குறைத்துக் காட்டுகிறார்களாம். என் வீட்டுக்காரருக்கு எதுவும் உறைக்காது. இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற மனுஷன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தார். நான் சூடு கண்ட பூனை, அப்படித்தான் இருப்பேன் என்றேன்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் வண்டி இருப்பதாகத் தெரிந்தது. கண் பார்வை மங்கி, ஓட்ட முடியாமல் விற்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன் நான். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வண்டியைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுவரச் சொல்வோம், நல்ல நேரத்தில் கோவில் வாசலில் வைத்துப் பார்ப்போம் என்றார்.

"சாமி முன்னாடி நின்னுக்கிட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாக."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் முதலில் அங்கேதானே போகிறது.

பெரியவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் நெற்றியில் விபூதி வைத்த கையோடு வேலையைத் தொடங்கினேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்துச் சேறு ஒட்டியிருக்கிறதா என்று. ஸ்டெப்னி இருக்கிற பள்ளத்தில் துரு தேடினேன். பானட் திருகுகளில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று குனிந்தேன். வண்டியை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னேன். புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை. பின்னால் சைலன்சரில் கறுப்புப் புகையுமில்லை, நீலப் புகையுமில்லை. மாலை விற்கிற அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொண்ணு பார்க்க வந்த மாதிரியா இருக்கிறது, போலீஸ்காரி சோதனை போடுகிற மாதிரி இருக்கிறது என்று இவர் என் காதில் முணுமுணுத்தார்.

ஒரு குறையும் இல்லை. வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுத்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

சாயங்காலம் மகளுக்குத் தோசை ஊற்றப் போனேன். கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்றது. அப்படியே நின்றுவிட்டேன். பானட்டைத் திறக்கும்போது அதுவும் இப்படித்தான் சுட்டது! காய்ந்த கல்லில் யார்தான் தோசை ஊற்ற மாட்டார்கள்? இரவெல்லாம் கிடந்து குளிர்ந்த டீசல் வண்டி காலையில் ஒரே அடியில் பற்றுகிறதா, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வீடியோ விடாமல் எல்லாவற்றிலும் சொன்னார்கள். நாங்களோ பத்துப் பன்னிரண்டு மைல் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லிவிட்டோம். எதற்காக இத்தனை பாடோ, அதை மட்டும் பார்க்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் இவரை எழுப்பி, ஸ்கூட்டரில் கொத்தமங்கலத்துக்குக் கிளப்பினேன். வழியெல்லாம் தைப்பனி. கொடுத்த வாக்குக்கு மரியாதை இல்லையா என்று இவர் புலம்பிக்கொண்டே ஓட்டினார். பெரியவர் பல் குச்சியோடு வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்து முகம் சுருங்கியது. ஆனாலும் வாங்க என்றுதான் சொன்னார், சாவியையும் எடுத்து நீட்டினார். வண்டிமேல் பனி முத்து முத்தாக நின்றது. பானட் ஜில்லென்றிருந்தது.

இவர் சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடியும் இருமல். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது தடவை உடம்பெல்லாம் குலுங்கி, வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு பற்றியது.

பெரியவர் கொஞ்சமும் பதறவில்லை. "காலையில மொதத்தடவ கொஞ்சம் மக்கர் பண்ணும். நாலு தடவ அடிச்சா வந்துரும். கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்."

சாமி முன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்மேலா, எங்கள்மேலா என்று தெரியவில்லை.

"எங்களுக்கு நாலு தடவ அடிக்க நேரம் இருக்காதுண்ணே" என்றேன். புளியமரத்தடியில் நடந்ததைச் சொன்னேன். வெளியாள் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. பாதியில் அழுகை வந்துவிட்டது. இவர் தலையைக் குனிந்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பல் குச்சியைத் தூரப் போட்டார்.

"நான் சரி பண்ணித் தாரேன். அப்பறம் என்னைக்கு வேணும்னாலும் காலையில சொல்லாம கொள்ளாம வாங்க. நீங்க வர்ற வரைக்கும் சாவியத் தொட மாட்டோம்."

காரைக்குடி ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குச் சூடு கொடுக்கிற ஹீட்டர் பிளக் எல்லாம் போயிருந்தது. மாற்றினார்கள். அடுத்தடுத்து மூன்று விடியற்காலை போய் நின்றோம். மூன்று நாளும் பானட் ஜில்லென்றிருந்தது; ஒரே அடியில் பற்றியது. வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. அப்புறமும் தினமும் பால் அடுப்பில் வைக்குமுன் நான் போய் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று இவர் சிரிப்பார்.

ஒரு காலையில் மகளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா போனிலேயே மதுரைக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். வண்டி ஒரே அடியில் பற்றியது. திருப்பத்தூர் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் தலை வைத்திருந்த மகள் என் விரலை நெரித்தாள். கண்ணைத் திறந்தபோது புளியமரம் பின்னால் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. நான் அந்த நீலக் கதவையே பார்த்துக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன். இந்த நேரத்தில்கூட எந்தக் கடையில் டீ குடிக்கிறாரோ என்று வைதேன். மத்தியானம் போல உள்ளே குழந்தை அழுதது. நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். பெண்.

சொல்வதற்காக வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. அணைக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார் என்று வாட்ச்மேன் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"ஏங்க, காலையிலேருந்தா ஓடுது?"

"அணைச்சுட்டு... அப்பறம் வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாகன்னா?"

"பேத்தி" என்றேன். "நல்லா அழுதுட்டா."

அவர் கை சாவிக்குப் போனது. ஆனால் திருப்பவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்து நான்தான் திருப்பினேன்.