டாக்டருக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை

என் அக்கா வீட்டுக்காரர் பழனிமுத்துவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியானவர். தொண்ணூறுகளில் குவெம்புநகரில் எழும்பிய எத்தனையோ வீடுகளுக்கு அவர்தான் மட்டம் பார்த்தார். சுவர் அரை விரற்கடை பிசகினாலும் இடித்துக் கட்டச் சொல்கிற மனிதர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் எல்லோரையும் ஏமாற்றினார்.

அவருக்கு பி.பி. இருந்தது. மாதம் ஒருமுறை சாயங்காலம் கிளினிக்குக்குப் போவார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை தோற்றுப்போவான். அன்றைக்கு மட்டும் மாத்திரை போடுவார், பீடியைத் தொடமாட்டார், மத்தியானம் தூங்கி எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொள்வார். டாக்டரும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தும்ப சென்னாகிதே, மேஸ்திரி", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லித் தட்டிக்கொடுத்து அனுப்புவார். மற்ற நாளில் மாத்திரை போடுகிறாயா, காலையில் எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

விடிந்தால் மச்சானுக்குப் பிடரி வலிக்கும். முகம் சிவந்துபோய் வேலையாட்களை வறுத்தெடுப்பார்.

"மச்சான், ஒருக்கா காலையில போய்ப் பாத்துக்கலாமுங்க."

"போடா மாப்ளே. காலையில பாத்தா ஏறித்தான் கெடக்கும். டாக்டரு மூஞ்சியச் சுளிக்கோணுமா?"

ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்; பக்கவாதம் என்றார்கள்.

விடியும் நேரத்தில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறும், மாத்திரை போடாத இவருக்குக் கண்டபடி ஏறியிருக்கிறது, மாரடைப்பும் பக்கவாதமும் அந்த நேரத்தில்தான் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். சாயங்காலம் மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம் என்று என்னையே கேட்டார்.

சில நாள் கழித்து மச்சானுக்குப் பேச்சு குழறலாகத் திரும்பியது. அக்கா பூவாத்தாள் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை.

"என்னக்கா சொல்றாரு?"

"பெரிய டாக்டரு வர்றாராம். அந்த வெள்ளச் சட்டையக் கொண்டாரச் சொல்றாருடா."

"இன்னும் யார ஏமாத்தறதுக்கு?" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர் கண் கலங்கியது. கத்திவிட்டு, போய் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

வலது கையை அவரால் அசைக்க முடியவில்லை. சட்டைக்குள் அதை நுழைக்க எனக்கும் அக்காவுக்கும் வெகுநேரம் பிடித்தது.