குழாய் செய்தது யார்

அவள் வாயில் எதுவும் தங்காது. சின்ன வயதில், உடம்பு முடியாமல் கிடந்த மாமாவைப் பார்க்கப் போன இடத்தில், கட்டில் அருகே நின்று, "மாமா, நீங்க தேற மாட்டீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க" என்றாள். மாமா தேறிவிட்டார். அவரும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசத்தான் வருஷக் கணக்காயிற்று. அன்றைக்கு அப்பா வைத்த பேர் ஓட்டவாய். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்கு வேறு பேர் கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலும் இதே லட்சணம்தான். "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இல்லைங்க" என்று சொல்லி, இருப்பதிலேயே விலை கூடினதைக் கழற்றி வைப்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வருகிறவர்கள் "அந்தப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அதனால் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார்.

துணி தேய்க்கும் கடையில் வேலை செய்த அம்மா ஒரு கோடையில் வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் பழைய அம்மா திரும்பி வரவில்லை. பத்து நிமிஷம் நின்றால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு கோடையும் முந்தினதைவிட மோசமாகிக்கொண்டிருந்தது, நிலக்கரி லாரிகள் மட்டும் கண்ணாடிக் கடை வாசல் வழியே அனல் மின் நிலையத்துக்கு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடு போய், அந்த லாரிகளை மறிக்கத் திட்டம் போட்டவர்களோடு சேர்ந்தாள்.

பட்டறையில் ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் மூன்று இரும்புக் குழாய் கேட்டாள். ஒரு கை முழுசாக நுழைகிற அகலம். நடுவில் குறுக்கே ஒரு கம்பி. இரண்டு பேர் இரு பக்கமும் கையை விட்டு, மணிக்கட்டுச் சங்கிலியை அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து யாரும் இழுத்துப் பிரிக்க முடியாது. எதற்கென்று அப்பா கேட்டிருந்தால் உளறியிருப்பாள். அவர் கேட்கவில்லை. முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஆறு பேர் மின் நிலைய வாசலில், பட்டப்பகலில், முகத்தை மூடாமல் படுத்தார்கள். போலீஸ் குழாயை அறுத்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மற்ற ஐந்து பேர் அபராதத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். குழாய் கொண்டுவந்தவள் இவள் என்பதால் இவள் மட்டும் மாட்டினாள். மறியலுக்குச் சாதனம் செய்து கொடுப்பவருக்குப் படுத்தவர்களைவிடப் பெரிய தண்டனை: நாலு வருஷச் சிறை, தொழிலுக்குப் பூட்டு. செய்தவர் யார் என்று சொன்னால் இவளை எச்சரித்து அனுப்பிவிடுவதாக அரசு வக்கீல் ஆசை காட்டினார்.

"பேர் வேணாம். சொல்ல மாட்டேன்னு மட்டும் சொல்லு. அது பொய்ல சேராது" என்றார் அவளுடைய வக்கீலம்மா.

"அப்படியே சொல்றேன் மேடம், பொய் மட்டும் சொல்ல மாட்டேன். ஒளிக்காம செஞ்சோங்கறது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு. அதுவும் போச்சுன்னா நாங்க வெறும் வம்புக்காரங்க."

விசாரணை அன்று நீதிமன்ற அறையில் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. அரசு வக்கீல் அறுபட்ட குழாயைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, இந்த வெல்டிங்கைப் பாருங்க. போலீஸ் இதை அறுக்கிறப்போ தகடு தேஞ்சு தேஞ்சு மாத்தினாங்க. இவங்கப்பா பட்டறையைச் சோதிச்சாச்சு, அங்க இருக்கிற ஓட்டை மிஷின்ல இது ஆகாது. இது பெரிய தொழிற்சாலை வேலை. இவங்களுக்குப் பின்னால ஒரு பெரிய கை இருக்கு."

பின் வரிசையில் இருந்த அப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அடக்கப் பார்த்தும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அடப்பாவி மனுஷா, சிரிக்கிற இடமா இது என்று அவள் சட்டென்று முகத்தை நீதிபதி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"செஞ்சது யாரும்மா?" என்றார் நீதிபதி.

"சொல்ல மாட்டேங்க ஐயா."

"சொல்லலேன்னா சிறைதான். தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றார். "நான்தாங்க செஞ்சேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். வேணும்னா குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க. அவ கை அறுபடக்கூடாதுன்னு விளிம்பை அரம் வச்சு ராவி விட்டிருக்கேன்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தே செய்தாரா? அன்று பட்டறையில் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாரே. நாலு வருஷம் அவர் உள்ளே போனால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கு யார்? நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "உண்மையாம்மா?"

"பொய்ங்க ஐயா."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் ஆரம்பித்தாயிற்று, பாதியில் நிறுத்த முடியாது.

"என்னைக் காப்பாத்தப் பாக்கறார். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கண்ணாடி போட்டுக் குடுத்ததே நான்தான். கையும் நடுங்கும். இவ்வளவு நல்ல வெல்டிங் அவருக்கு வராதுங்க ஐயா. யார் யாரோ செஞ்சதைத் தன் வேலைன்னு சொல்லிக்கிறது அவர் பழக்கம்."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அளவு தெரியாமல் கொட்டிவிட்டாள். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"கையை நீட்டுங்க பெரியவரே" என்றார் நீதிபதி.

அப்பா நீட்டினார். காலமெல்லாம் நெருப்பைப் பிடித்தும் ஆடாத கை, அந்த ஒரு நாள், அத்தனை பேர் பார்க்க, வெடவெடவென்று ஆடியது. அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பெத்த பாசம், புரியுது. உக்காருங்க" என்றார் நீதிபதி.

"நான் அப்பவே சொன்னேனே ஐயா" என்று அரசு வக்கீல் குளிர்ந்துபோனார். பெரிய கை ஒன்று இருப்பதாக அவர் கட்டிய கதைக்கு அவளே உயிர் கொடுத்துவிட்டாள். இனி அந்த இல்லாத கையைத் தேடிக்கொண்டு அவளுடைய கூட்டாளிகள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அது அவளுக்கு உடனே உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

வெளித் தாழ்வாரத்தில் பெண் போலீஸ் இரண்டு நிமிஷம் ஒதுங்கி நின்றார். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். பெண் போலீஸ் காதில் விழும் தூரத்தில் நின்றதால் அதையும் சொல்ல முடியவில்லை.

"நாளையிலேருந்து பட்டறைக்கு வர்றவங்க கேப்பாங்க, கை நடுங்குமாமேன்னு" என்றார் அப்பா.

"என்னப்பா சொல்வீங்க?"

"ஆமான்னுதான் சொல்லணும். எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு ஊருக்கே தெரியும்."