கிறீச்சிட்ட பிரேக்கும் ஒரு ஸ்பிரேயும்

காலை ஏழு இருபதுக்கு என் மகள் யாழினி சைக்கிளில் டியூஷனுக்குக் கிளம்பினாள். பிரேக் கிறீச்சிடுகிறதே என்று, கதவுக் கீலுக்கும் துருப்பிடித்த பூட்டுக்கும் அடிக்கிற ஸ்பிரேயைப் பிரேக் கட்டையிலும் அடித்து வைத்திருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பிரேக்லயா அடிச்ச? வழுக்கிட்டுப் போகும், பிடிக்காதுடி!"

எங்கள் தெரு சரிந்து இறங்குவது கம்பெனி பஸ்கள் பறக்கும் ஓசூர் மெயின் ரோட்டில். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அதற்குப் பிறகு அந்த ஸ்பிரே கதவு, பூட்டோடு சரி. பிரேக்கைச் சைக்கிள் கடைக்காரர்தான் பார்க்கிறார்.

அன்று பாதித் தெருவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள் யாழினி.

"பிரேக் பிடிக்கலம்மா, மேட்டுலயே காலை ஊணி நிறுத்திட்டேன். ஆனா சத்தம் சுத்தமா போயிருச்சு!"