ரேடியோ ரிப்பேர் இல்லை, அது என் மெட்டு

வாத்தியமே இல்லாமல் வானொலிக்கு இசையமைக்கிற தொழிலில் பாதி நாள் இசையமைப்பதிலும், மீதி நாள் அது இசைதான் என்று சத்தியம் செய்வதிலும் போய்விடும். "நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று சொந்த வீட்டிலேயே கேள்வி கேட்கப்படுகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு வானொலி நிலையத்தில் இருந்தேன். மின்சாரத்தில் ஒற்றை ஓசை எழுப்பும் ஒரு கருவி, இரண்டு ஸ்பூல் ரெக்கார்டர், டேப்பை வெட்டி ஒட்ட ஒரு பிளேடு. ஓசையைப் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, துண்டு துண்டாக ஒட்டினால் ஒரு மெட்டு வரும்.

முதல் ரசிகர்

அப்படிச் செய்த முதல் மெட்டு, காலை விவசாய நிகழ்ச்சிக்கு முகப்பு இசை. ஒலிபரப்பான அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். அந்த வாரமே ஒருவர் நிலையத்துக்கு என்னைத் தேடி வந்தார். காந்திநகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமிழர். ரசிகர் வந்துவிட்டார் என்று காபி வரவழைத்தேன். அவர் கடையில் ஒரே கூட்டமாம். எல்லா ரேடியோவும் காலையில் மட்டும் 'கொய்ங்' என்கிறதாம். திறந்து பார்த்தால் ஒரு கோளாறும் இல்லையாம். திட்டப்போகிறார் என்று நான் காத்திருக்க, அவர் நிதானமாகக் காபியை முடித்துவிட்டுச் சொன்னார்:

"நிறுத்திடாதீங்க மேடம். அடுத்தது போடுறப்ப மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க, கடைக்கு இன்னொரு ஆள் வைக்கணும்."

வித்வானின் பயம்

நிலையத்து வீணை வித்வான் மேல்கோட்டைக்காரர். என் இயந்திரம் தன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். என் அறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். சமாதானம் செய்ய, அவர் வாசித்த ஒரு சுரத்தைப் பதிந்து, டேப்பைப் பின்னோக்கி ஓடவிட்டு, ஒரு நாடகத்துக்குப் புயலாக்கி, அவரையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுக்கக் கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயந்துண்டே இருந்தேம்மா. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

பெண் பார்த்த படலம்

என் அம்மா நர்ஸ். பெண் பார்க்க வந்தவர்களிடம், மகள் இசையமைப்பாளர் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் ஆர்மோனியத்தில், சர்ச்சில் பாடுகிற ஒரு ஞானப்பாட்டை எதிர்பார்த்தார்கள். நான் என் டேப்புகளில் மிகச் சிறந்ததைப் போட்டேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. டேப் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா அன்பாகச் சொன்னது மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது:

"சுருதி சேர்த்தது போதும்மா, பாட்டை ஆரம்பி."

கொள்ளேகால் பஸ்

புகார்கள் பெருகவே, நிலைய இயக்குநர் என் மெட்டை நிறுத்திவிட்டு நாதஸ்வர ரெக்கார்டு ஒன்றைப் போடச் சொன்னார். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் அழுதேன். வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

திரும்பி வந்தபோது, கொள்ளேகால் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு விவசாயி இயக்குநர் அறையில் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நான் தமிழ் என்றதும் என் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டுக் கொட்டகையில் ரேடியோ வைத்துத்தான் பால் கறப்பாராம். என் 'கொய்ங்' வந்தால் மாடு அசையாமல் நிற்குமாம். இப்போது உதைக்கிறதாம். இயக்குநர் சிரித்தார், வந்தவர் சிரிக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமையே என் மெட்டு மறுபடி காற்றில் ஏறியது. நாதஸ்வரம் நன்றாக இல்லையா என்று இயக்குநர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் காரணம்:

"மேளம் நல்லாத்தானுங்க இருக்குது. மாட்டுக்குப் புடிக்கோணுமுங்களே."

புது இசை செய்கிறவர்களுக்கு ரசிகர் எங்காவது இருக்கத்தான் செய்வார், எத்தனை கால் என்று மட்டும் எண்ணக் கூடாது.